இடுக்கி வாங்கிய இரண்டு தொட்டிகள்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருக்கத்தான் செய்தது. பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அது உதிர்ந்துபோய் "இடுக்கி" என்பது ஒட்டிக்கொண்டது. அடுப்பிலிருந்து தட்டை வெளியே இழுக்க மற்றவனுக்கெல்லாம் இடுக்கி வேண்டும், இல்லையென்றால் நாலாய் மடித்த சாக்குத் துணி வேண்டும். இவனுக்கு இரண்டும் வேண்டாம். வெறுங்கையால் தட்டின் விளிம்பைப் பிடித்து இழுத்து, மேசை வரை நடந்து, ஏதோ பூக்கூடையை வைக்கிறவன் மாதிரி அவசரமில்லாமல் வைப்பான். முதல் சில வருஷம் கொப்புளம் வந்தது, உடைந்தது, காய்ந்தது. அப்புறம் கொப்புளமே அலுத்துப்போய் வருவதை நிறுத்திக்கொண்டது. உள்ளங்கை செருப்பின் அடித்தோல் மாதிரி ஆகிவிட்டது.

முதலாளிக்கு அதில் பெருமை. யாராவது பின்கட்டுக்கு வந்தால், "டேய் இடுக்கி, ஒரு தட்டை எடுத்துக் காட்டுடா" என்பார். இவனும் காட்டுவான். படிப்பு ஏறவில்லை, உயரம் இல்லை, முகமும் சுமார். கடவுள் கஞ்சத்தனமாகக் கொடுத்த ஒரே வித்தை இதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தான். மாவு பிசைகிற மாவுக்காரர் மட்டும் கிண்டல் செய்வார். "உன்ன எரிச்சாக்கூட கை மட்டும் வேகாதுடா. எடுத்து வச்சுக்கிட்டு நாங்க தட்டு இழுப்போம்."

அந்த அடுப்புக்கு மூன்று சூடு. முதலில் ரொட்டிச் சூடு. அது தணிந்தால் பன் சூடு. நெருப்பை வாரி வெளியே கொட்டின பிறகு கல்லில் மிஞ்சி நிற்பது இளஞ்சூடு. அதில்தான் ரஸ்க் காயும். மற்றவர்கள் ஒரு பிடி மாவை உள்ளே வீசி, அது எவ்வளவு சீக்கிரம் சிவக்கிறது என்று பார்த்துச் சொல்வார்கள். இவன் கையை உள்ளே விட்டுக் கல்லின் மேல் வைப்பான். வைத்தபடி மனசுக்குள் கொஞ்சம் எண்ணுவான். "இளஞ்சூடு வந்தாச்சு, அடுக்குங்க" என்பான். தப்பியதே இல்லை.

"அவன் இளஞ்சூடுன்னு சொன்னா ரஸ்க்க நம்பி வைங்கடா. கைய நம்பி வைக்காதீங்க" என்பார் மாவுக்காரர். "அவனுக்கு இளஞ்சூடு, நமக்குக் கொப்புளம்."

எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

கல்யாணம் தள்ளிப் போய்த்தான் நடந்தது. அவள் ஒரு சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். வயிற்றில் பிள்ளை உதைக்க ஆரம்பித்தபோது அவன் கையைப் பிடித்து இழுத்து வயிற்றில் வைத்தாள்.

"தெரியுதா?"

"ம், தெரியுது."

"இப்ப?"

"இப்பவும் தெரியுது."

ஒன்றும் தெரியவில்லை. மரக்கட்டையை வைத்த மாதிரிதான் இருந்தது. அவள் தூங்கின பிறகு கன்னத்தை வைத்துப் பார்த்தான். தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று புரண்டு, அவன் தாடையில் ஒரு இடி இடித்தது. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாளிலிருந்து, "காது வச்சுக் கேக்குறேன்" என்று சொல்லிக் கன்னத்தையே வைத்தான். அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டான்.

பிரசவத்தில் பிள்ளை வந்தது, ரத்தம் நிற்கவில்லை. பெண் குழந்தை என்று சொன்ன அதே வராந்தாவில், அதே நாற்காலியில் உட்கார வைத்து, இன்னொன்றையும் சொன்னார்கள்.

அவளுடைய அக்கா வந்தாள். அந்த வீட்டில் அவளைப் பெரியவள் என்பார்கள். வேறு ஊரில் ஒரு விடுதியில் சமையல் வேலை, சொந்தமாக வளர்ந்த பையன்கள், அவர்களைவிட மோசமான ஒரு புருஷன். எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தவள், தங்கையின் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். தொப்புள் காய்ந்து விழுகிற வரை துணியை நனைத்துத் துடைத்தால் போதும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். துடைத்தாள். புட்டிப் பால் கலக்கக் கற்றுக் கொடுத்தாள். துணி மாற்றக் கற்றுக் கொடுத்தாள். அவன் நன்றாகவே கற்றுக்கொண்டான். தட்டைப் பிடித்த கை குழந்தையையும் அசையாமல் பிடித்தது.

தொப்புள் விழுந்த அன்று அவள் பேச்சை எடுத்தாள்.

"மாப்ள, நான் இன்னும் எத்தன நாள் இங்க இருக்க முடியும்? அங்க வேலை போயிரும். சுத்தி வளைக்காம சொல்றேன். பாப்பாவ நான் தூக்கிட்டுப் போறேன். வளத்துத் தர்றேன்."

"என் புள்ளக்கா."

"உங்க புள்ளதான், யாரு இல்லைன்னா? விடியறதுக்கு முன்னாடி வேலைக்குப் போற ஆளு. யாரு பாப்பா?"

"கீழ்வீட்டம்மா பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க."

கீழ்வீட்டம்மா அப்போது வாசலில்தான் நின்றாள். "பாத்துக்கறேன், பால் குடுக்கறேன், தூங்க வைக்கறேன். குளிப்பாட்ட மட்டும் என்னால ஆகாது. பச்ச மண்ணு. தண்ணி விஷயம். எனக்கு அந்தப் பொறுப்பு வேண்டாம்பா" என்று தெளிவாகச் சொன்னாள்.

"சரி, அது என் பொறுப்பு" என்றான் அவன். "வேலை முடிஞ்சு வந்து நானே குளிப்பாட்டறேன்."

பெரியவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப ஒண்ணு பண்ணுங்க. போய் நல்ல தொட்டியா ஒண்ணு வாங்கிட்டு வாங்க. என் கண்ணு முன்னாடி நீங்களே தண்ணி கலந்து, நீங்களே குளிப்பாட்டணும். நான் கிட்ட வர மாட்டேன். ஒழுங்கா நடந்துச்சுன்னா பாப்பா உங்ககூட. இல்லைன்னா என்கூட. சம்மதமா?"

"சம்மதம்" என்றான். இதென்ன பெரிய மலையைப் புரட்டுகிற வேலையா என்று இருந்தது அவனுக்கு.

பாத்திரக் கடையில் இருந்த பெண்ணுக்கு வாய் துடுக்கு. "என்ன பாக்கறீங்க?"

"தொட்டி. குளிக்கறதுக்கு."

"உங்களுக்கா?"

"இதுல நான் எந்தப் பக்கம் உக்கார்றது? பாப்பாவுக்கு."

அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். ரோஸ் கலரில் ஒன்று, முதுகு சாய ஒரு சரிவு. அடியில் ஓட்டையும் அடைப்பானும் உள்ளது ஒன்று. தவளை முகம் போட்டது ஒன்று. கடைசியாக வெள்ளையில் ஒன்றை எடுத்து, அதன் அடிப்பக்கத்தில் பதித்திருந்த ஒரு நீல வட்டத்தை விரலால் தட்டிக் காட்டினாள். "இப்ப எல்லாரும் இதான் வாங்கறாங்க. தண்ணி அளவா இருந்தா இந்த வட்டம் நீலமாவே இருக்கும். சூடு கூடிப்போச்சுன்னா வெளுத்துரும்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "சூடு பாக்க வட்டமா? அப்ப கை எதுக்கும்மா இருக்கு?"

"எல்லாரும் கேட்டு வாங்கறாங்கண்ணே."

"கையில்லாதவன் வாங்கற சாமான் இது. எனக்குக் கையிருக்கு."

அவளும் சிரித்துவிட்டாள்.

அவனுக்குப் பிளாஸ்டிக் மேலேயே நம்பிக்கை கிடையாது. ஒரு தடவை சூடான தட்டில் ஒரு பிளாஸ்டிக் மூடி விழுந்து மெழுகாய் ஓடி, அன்றைக்கு ஒரு ஈடு பன் முழுக்கக் குப்பைக்குப் போனது. உலோகம் என்றால் அவனுக்குப் பழக்கம். மேல் தட்டில் அலுமினியத் தொட்டிகள் கவிழ்ந்து கிடந்தன. ஒன்றை இறக்கி, ரொட்டி டின்னைத் தட்டிப் பார்ப்பதுபோல் விரல் முட்டியால் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டான். விளிம்பைச் சுற்றிலும் விரலை ஓட்டினான்.

"வழுவழுன்னு இருக்கு. இதையே குடு."

"அண்ணே, ரத்தம்!"

குனிந்து பார்த்தான். ஆள்காட்டி விரல் கிழிந்து தொட்டிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. விளிம்பில் ஒரு இடத்தில் தகடு பிசிறி நின்றது.

"வலிக்கலையா?"

"எனக்கெல்லாம் வலிக்காது" என்றான் பழைய பெருமையோடு. அவள் கொடுத்த துணியில் விரலைத் துடைத்துக்கொண்டு, பிசிறில்லாத வேறொன்றை அவளையே பொறுக்கித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டான். அந்த ரத்தம் அவனிடம் ஏதோ சொல்லத்தான் பார்த்தது. காது இருந்தும் அவனுக்குக் கேட்கவில்லை.

பெரியவள் தொட்டியைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாள். "போயும் போயும் தகரத்த வாங்கிட்டு வந்திருக்கீங்களே."

"அலுமினியம்க்கா. உருகாது, உடையாது."

"பாப்பா என்ன பன்னா, டின்னுல போட்டு எடுக்க?"

அதற்கும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சாவுக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு அது.

மறுநாள் மத்தியானம் வேலை முடிந்து வந்தவன் கை கால் கழுவி, சட்டைக் கையை மணிக்கட்டுக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டான். அடுப்பில் வெந்நீர் வைத்தான். பெரியவள் சொன்ன சொல் தவறாமல் சுவரோரம் ஸ்டூல் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கீழ்வீட்டம்மாவும் வேடிக்கை பார்க்க வந்து நின்றாள். அவன் வெந்நீரைத் தொட்டியில் ஊற்றினான். பச்சைத் தண்ணீரை விட்டான். கையை உள்ளே விட்டு அடி வரை அளைந்தான். மனசுக்குள் கொஞ்சம் எண்ணினான்.

"எப்படி இருக்கு?" என்றாள் பெரியவள்.

"இளஞ்சூடு."

"நல்லாப் பாத்தீங்களா?"

"வருஷக்கணக்கா இதானேக்கா என் பொழப்பு."

அவள் எழுந்திருக்கப் போனாள். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துகொண்டாள். கிட்ட வரமாட்டேன் என்று சொல்லியாகிவிட்டது, வந்தால் அவனை நம்பவில்லை என்று ஆகிவிடும்.

தலையை முன்னங்கையில் தாங்கி, மெதுவாக, கால் பக்கம் முதலில் இறங்கும்படி குழந்தையை இறக்கினான். பாதம் தண்ணீரைத் தொட்டதும் குழந்தை வீறிட்டது. தண்ணீரைக் கண்டால் பிள்ளைகள் முதலில் அழத்தான் செய்யும் என்று பெரியவளே சொல்லியிருந்தாள். காலை மடக்கிக்கொண்டது. "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா தங்கம்" என்று சொல்லி, மடக்கின காலை அவனே நீட்டி, இன்னொரு தரம் தண்ணீரில் வைத்தான்.

அந்த இரண்டாவது அலறலைக் கேட்டுத்தான் பெரியவள் பாய்ந்தாள். அவன் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கும்போது அவள் விரல் தண்ணீரில் பட்டது. "அய்யோ பாவி!" என்றாள். "கொதிக்குதேடா!"

அவன் தொட்டிக்குள் கையை விட்டபடியே மண்டியிட்டிருந்தான். "இல்லக்கா, இளஞ்சூடுதான்" என்றான். "இங்க பாருங்க, கை உள்ளதான் இருக்கு."

சின்ன மருத்துவமனை. நர்ஸம்மா வயதானவள். இரண்டு பாதமும் கணுக்கால் வரை சிவந்திருந்தது. ஒரு குதிகாலில் தோல் வழன்று வந்துவிட்டது. மருந்து போட்டு மெல்லிய துணி சுற்றினாள். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆறிவிடும், குதிகாலில் தழும்பு மட்டும் நிற்கும் என்றாள். அப்புறம் நிமிர்ந்து கேட்டாள்.

"தண்ணி பாத்தது யாரு?"

அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். இழுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"கண்ண மூடுங்க. ஊசியால குத்துவேன். குத்தினதும் சொல்லணும்."

மூடினான். காத்திருந்தான். வெளியே யாரோ இருமினார்கள்.

"எப்ப குத்துவீங்கம்மா?"

"குத்தியாச்சு. எல்லா விரலும் ஆச்சு."

கண்ணைத் திறந்தான். ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது.

"ஏதாச்சும் வியாதியா?" என்றாள் பெரியவள் பயந்துபோய்.

"அப்படித் தெரியல. வெந்து வெந்து உணர்ச்சி செத்துப்போயிருக்கு. எதுக்கும் டாக்டர் ஒரு தடவ பாக்கட்டும்." நர்ஸம்மா அவன் கையை விடவில்லை. "கைய நம்பக்கூடாதுங்க, யாரா இருந்தாலும். முழங்கையாலதான் பாக்கணும். பிரசவத்துக்கு வரும்போதே சொல்லித் தருவாங்களே, சொல்லலையா?"

"என் பொண்டாட்டிகிட்டச் சொல்லியிருப்பாங்க" என்றான்.

அவள் அவன் சட்டையை மேலே தள்ளி, முழங்கையின் உள்மடிப்பில் ஊசியை லேசாக வைத்தாள். "ஆ!" என்று துள்ளினான். அங்கே தோல் பச்சைப் பிள்ளையின் தோல் மாதிரி இருந்தது. செத்த கைக்கும் உயிருள்ள கைக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அவன் அந்தத் தண்ணீரில் மணிக்கட்டோடு நின்றுவிட்டிருந்தான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பெரியவள் அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். இத்தனை நாள் "நீங்க" என்றவள் "நீ" என்றாள். "கை செத்தவன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? என்னத்த மறைக்கற, பெருமையா?" மாடிப்படி வந்ததும் திட்டு நின்றது. படியிலேயே உட்கார்ந்து அழுதாள். "நானும்தானே பாத்துட்டு உக்காந்திருந்தேன். பந்தயம் கட்டிட்டு உக்காந்திருந்தேனே, பாவி."

அவன் இரண்டு படி கீழே நின்றான். வழி முழுக்க அவள் பிள்ளையைக் கேட்பாள், நாம் முடியாது என்று சொல்ல வேண்டும், கத்த வேண்டும், காலில் விழ வேண்டும் என்றெல்லாம் நினைத்து வந்திருந்தான். அவள் கேட்கவே இல்லை.

"அக்கா" என்றான். "நீங்களே தூக்கிட்டுப் போங்க."

சொல்லிவிட்டு மேலே போய் அவள் பையை எடுத்துக் கட்டினான். பெட்டியிலிருந்து பொண்டாட்டியின் பழம்புடவை ஒன்றை எடுத்து, குழந்தைக்குச் சுற்ற இருக்கட்டும் என்று அதன் மேலே வைத்தான்.

அடுத்த நாள் பேக்கரியில் தட்டு இழுக்க வேண்டிய நேரத்தில் அவன் ஆணியில் மாட்டியிருந்த சாக்குத் துணியை எடுத்தான். எடுத்து நாலாய் மடித்தான்.

"என்னடா இடுக்கி" என்று ஆரம்பித்தார் மாவுக்காரர். "கை கூசுதாக்கும்? புதுப்பொண்ணா நீ?"

அவன் தட்டை இழுத்து மேசையில் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னான். நாலு வார்த்தையில் முடிந்துவிட்டது. மாவுக்காரர் பிசைவதை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு இளஞ்சூடு வந்துவிட்டதா என்று யாரும் அவனைக் கேட்பதில்லை. ஒரு பிடி மாவை வீசிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

அலுமினியத் தொட்டி மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. கீழ்வீட்டம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ஒரு விடுமுறை நாளில் அவன் பாத்திரக் கடைக்குப் போனான். கடைக்காரப் பெண்ணுக்கு அவனை ஞாபகம் இருந்தது.

"வாங்கண்ணே. விரல் ஆறிருச்சா?"

"அந்த வெள்ளத் தொட்டி. வட்டம் வச்சது."

"அட! கையில்லாதவன் வாங்கறதுன்னீங்க. யாருக்கு இப்ப?"

"எனக்குத்தான்."

அவள் சிரிக்க வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொட்டியைத் துடைத்துக் கட்டிக் கொடுத்தாள்.

வீட்டில் தனியாகத் தண்ணீர் கலந்து பழகினான். வேலை முடிந்து வந்ததும் அதுதான் வேலை. சட்டையைத் தோள் வரை சுருட்டிக்கொண்டு முழங்கையை உள்ளே விடுவான். வட்டம் வெளுத்திருக்கும். முழங்கை சுள்ளென்று இழுத்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீர் விடுவான். வட்டம் மெல்ல மெல்ல நீலமாகும்போது முழங்கையில் ஒரு இதம் வரும். பொண்டாட்டி உயிரோடு இருந்தபோது கன்னத்தை அவள் வயிற்றில் வைத்தால் தெரிந்ததே, அந்தச் சூடு. இதற்குத்தான் ஊரில் இளஞ்சூடு என்று பேர் போலிருக்கிறது. அப்புறம் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்து வைப்பான்.

தன் கை தனக்கே நம்பிக்கையான ஒரு நாளில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான். கூட்டமான பஸ். கண்டக்டர் தொட்டியைத் தாண்டிக் காலை வைக்க இடமில்லாமல் தடுமாறினார்.

"ஏன்யா, தொட்டி இருக்கு, புள்ளயக் காணோம்? எங்கயாச்சும் எறக்கி விட்டுட்டியா?"

பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"புள்ள அங்க இருக்கு" என்றான். டிக்கெட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பெரியவள் வீட்டில் அவனை உள்ளே வரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், தொட்டியைப் பார்த்தாள். எதற்குக் கொண்டுவந்தான் என்று கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு குண்டானில் வெந்நீரும் ஒரு வாளியில் பச்சைத் தண்ணீரும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். "மொதல்ல நான் கை வைப்பேன்" என்றாள்.

"வைங்கக்கா. நீங்க வைக்காம நான் எறக்க மாட்டேன்."

கலந்தான். முழங்கையை விட்டான். வட்டம் நீலம். அவள் கை விட்டுப் பார்த்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து, "சரியா இருக்கு மாப்ள" என்றாள். பழையபடி மாப்ள என்றாள். குழந்தையைக் கொண்டுவந்து அவன் முன்னங்கையில் கிடத்தினாள். நன்றாகச் சதை போட்டிருந்தது. வலது குதிகாலில் மட்டும் தோல் பளபளவென்று, பனிக்கட்டி மாதிரி இருந்தது. அவன் முகத்தைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்தது.

தொட்டிக்கு மேலே கொண்டுபோனான். அவன் மறுகை தண்ணீரில் பட்டு, சளக் என்று ஒரு சத்தம் வந்தது. குழந்தையின் சிரிப்பு நின்றது. இரண்டு காலும் விறுக்கென்று மடங்கி வயிற்றோடு போய் ஒட்டிக்கொண்டன.

"எல்லாப் புள்ளயும் அப்படித்தான் மடக்கும்" என்றாள் பெரியவள் அவசரமாக. "என்கிட்டயும் மடக்கும். பழக்கந்தான். எறக்குங்க."

இருக்கலாம். பிள்ளைகள் மடக்கத்தான் செய்யும். ஒரு தரம் அந்தக் காலை அவனே நீட்டிவிட்டிருக்கிறான்.

அவன் இறக்கவில்லை. தண்ணீருக்கு மேலே அப்படியே பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தான். கை அசையவில்லை. அசையாமல் பிடிக்க மட்டும் அந்தக் கைக்குத் தெரியும். தண்ணீர் ஆறிக்கொண்டே வந்தது. கால் நீளவில்லை.

"இன்னைக்கு வேணாம்கா" என்று குழந்தையைத் துணியில் சுற்றி அவளிடம் கொடுத்தான். தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் கொட்டினான். உள்ளே வந்து அதைத் துடைத்தான். ஈரம் ஒரு சொட்டும் இல்லாமல், மூலை மூலையாகத் துடைத்தான்.

"எடுத்துட்டுப் போறீங்களா?"

"இங்கயே இருக்கட்டும். பாப்பா படுக்கற எடத்துல வைங்க. தண்ணியில்லாம பாத்துப் பழகட்டும்."

"அடுத்த லீவுக்கு வருவீங்கல்ல?"

"வருவேன்."

செருப்பை மாட்டினான். திரும்பி வந்தான். குழந்தையின் பாதத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. குனிந்து அந்தக் குதிகாலைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். இந்தத் தடவை அது மடங்கவில்லை. ஒரு உதை விட்டது, தாடையில்.

அவன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினான்.